குந்தறதுக்கு ஒரு எடம்

உப்பளத்துல இப்ப உப்பு கெடையாது. பேருல மட்டுந்தான் இருக்கு. ஒரு காலத்துல பாத்தி கட்டி உப்பு எடுத்த எடம்னு அந்தப் பேரே சொல்லுது. 1815ஆம் வருசம் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் லண்டன்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. பிரெஞ்சு எல்லைக்குள்ள எடுக்குற உப்புல உள்ளூர் ஜனங்களுக்கு வேண்டியது போக மிச்சத்த எல்லாம் இங்கிலீஷ் கம்பெனிக்கே கொடுத்துடணும். அதுக்கு வருசத்துக்கு நாலு லட்சம் சிக்கா ரூபா. 1818ல இன்னொரு ஒப்பந்தம். அதோட உப்பு எடுக்குறதே நின்னுபோச்சு. உப்பளம் வச்சிருந்த சொந்தக்காரங்களுக்கு ஈடு கட்டறதுக்கு வருசத்துக்கு 4,000 வராகன்னு பேசி முடிச்சாங்க. பாத்தி மிதிச்சு, வரப்பு அணைச்சு, வெயில்ல உப்ப வாரி மேட்டுல குமிச்ச கூலி ஜனங்களுக்கு இன்னா கொடுத்தாங்கன்னு கேட்டா, பதில் சொல்ல ஆள் இல்ல.

உப்பு போச்சு. உப்புத் தண்ணி மட்டும் எங்கள விடல. எங்க தெருப் பொம்பளைங்க கையில, காலுல, நகக்கண்ணுல இன்னிக்கும் அது இருக்கு. எறா உரிக்கப் போற பொம்பளைங்களத்தான் சொல்றேன்.

நான் எழுதப்போறது ஒடம்பப் பத்தி. நம்ம பத்திரிகைங்கள்ல தீண்டாமை பத்தி எழுதறோம், நெலம் பத்தி எழுதறோம், வெட்டுக்குத்து பத்தி எழுதறோம். எழுதத்தான் வேணும். ஆனா இடுப்பு வலி பத்தி யாரும் எழுதறதில்ல. அது ஏதோ பொம்பளைங்க கூடிப் பேசுற சமாச்சாரம்னு விட்டுட்டாங்க. நாப்பது வயசுல குனிஞ்சா நிமிர முடியாம, ராத்திரியில வெரல் மரத்துப்போய் முழிச்சு ஒக்காந்துகிட்டு இருக்கற பொம்பளைங்க எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் இருக்காங்க. அத்தன பேருக்கும் ஒரே மாதிரி வலி இருந்தா அது தலையெழுத்து இல்ல. அதுக்குக் காரணம் வேலையிலதான் இருக்கணும்.

எங்க வீட்டையே எடுத்துக்கலாம். அம்மா முந்திரிக்கொட்ட உடைச்சாங்க. நைனா மூட்ட தூக்கினாரு. நான் எறா உரிச்சேன். மூணும் திங்கிற பொருள். மூணும் எங்க தட்டுல விழாத பொருள். நைனா தூக்கின மூட்டையில எங்க வீட்டுக்கு வந்தது, ஓட்ட விழுந்த சாக்குலேர்ந்து சிந்தினதக் கூட்டி அள்ளினது மட்டுந்தான்.

அம்மா பொறந்தது பண்ருட்டிப் பக்கம். கல்யாணம் கட்டி உப்பளத்துக்கு வந்தவங்க. சின்ன வயசுலேர்ந்து கொட்ட உடைக்கப் போனாங்க. தரையில குந்தி, ஒரு காலு மடிச்சு, ஒரு முட்டி நிமித்தி, எதிரே கல்லு. இடது கையில கொட்டைய நிக்க வச்சு வலது கையில கட்டையால ஒரு தட்டு. பருப்பு முழுசா வரணும். உடைஞ்சா காசு கொறையும். முந்திரித் தோட்டுல இருக்கற எண்ணெ சாதாரண எண்ணெ இல்ல. பட்ட எடம் வெந்து தோல் உரியும். அதுக்குச் சாம்பலத் தொட்டுக்குவாங்க. எங்க அம்மாவோட இடது கை வெரல் நுனியெல்லாம் கருப்பா வழவழன்னு இருக்கும். ரேகையே தெரியாது. கல்யாணத்துல நைனா வீட்டுக்காரங்க, பொண்ணு கையில என்னமோ வியாதின்னு பேசிக்கிட்டாங்களாம். அம்மா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

கொல்லத்துலயும் இதே வேலதான். அங்க ஆயிரக்கணக்குல பொம்பளைங்க. அன்னா லிண்ட்பெர்க்னு ஒரு சுவீடன் நாட்டு ஆராய்ச்சிக்காரம்மா, 1930லேர்ந்து கேரளா முந்திரித் தொழிலாளிப் பொம்பளைங்க நெலமை எப்படி மாறிச்சுன்னு ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்காங்க. அதுல ஒரு விசயம் இருக்கு. தோடு உடைக்கிற கொட்டகையில இருக்கறது பெரும்பாலும் புலயர், குறவர் மாதிரி தலித் பொம்பளைங்க. பருப்பத் தரம் பிரிக்கிற சுத்தமான எடத்துல இருக்கறவங்க சாதியில மேல. ஒரே தொழிற்சால, ஒரே கொட்ட. தோட்டுல இருக்கற எண்ணெ ஒரு சாதி கையில, உள்ள இருக்கற வெள்ளப் பருப்பு இன்னொரு சாதி கையில. சாதி வேலையைப் பிரிக்கிறதோட நிக்காம வேலக்காரங்களையே பிரிச்சுப் போடுதுன்னு அம்பேத்கர் 1936லயே வாதம் வச்சாரு. கொல்லத்துல அது சுவரு எழுப்பி ரெண்டு கொட்டகையாவே நின்னிருக்கு.

நைனா வேல துறைமுகத்துப் பக்கம் கிடங்குல. அந்தக் காலத்துல சர்க்கர மூட்ட நூறு கிலோ. நெல்லு மூட்ட எழுபத்தஞ்சு கிலோ. ரெண்டு பேரு தூக்கி முதுகுல ஏத்தி விடுவாங்க. கழுத்தக் கொஞ்சம் முன்னாடி தள்ளி, மூட்டையோட காத ஒரு கையால புடிச்சுக்கிட்டு, பலகை மேல ஏறி லாரியில போடணும். பலகை வளையும், அது வளையிற தாளத்துக்குக் காலு வைக்கணும், இல்லாட்டி ஆளு கீழ போயிடுவான்னு நைனா சொல்வாரு. அம்பத்திரண்டு வயசுல அவரு கழுத்து ஒரு பக்கமாத் திரும்பறதே நின்னுபோச்சு. யாராவது கூப்பிட்டா ஒடம்போட திரும்பிப் பாப்பாரு. தெருப் பசங்க அதுக்கு ஒரு பட்டப்பேரு வச்சிருந்தாங்க.

பின்னால நான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன். 1967ல சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஒரு ஆம்பள கையால தூக்கற பாரம் 55 கிலோவுக்கு மேல இருந்தா அதக் கொறைக்கணும்னு பரிந்துர செஞ்சிருக்கு. அமெரிக்காவுல தொழில் சுகாதார நிறுவனம் 1991ல ஒரு கணக்கு போட்டுச்சு. பாரம் ஒடம்புக்குக் கிட்ட, இடுப்பு உயரத்துல, நல்ல புடியோட, எப்பவாவது ஒரு தரம் தூக்குறதா இருந்தாக்கூட 23 கிலோதான் அளவு. குனிஞ்சு தூக்கினா, திரும்பித் தூக்கினா, அடிக்கடி தூக்கினா அதுவும் கொறையும். நைனாகிட்ட இந்த 23 கிலோவச் சொன்னப்ப அவரு நம்பல. "அத எதுக்குடி தூக்கணும், கையில எடுத்துகினு போவலாமே"ன்னாரு. கேலியாச் சொல்லல. அவருக்கு ஒடம்புன்னா நூறு கிலோவுக்குச் செஞ்சது.

ஒடம்புக்குத் தகுந்த மாதிரி வேலைய அமைக்கிறதுக்கு ஒரு படிப்பே இருக்கு. எர்கோனாமிக்ஸ்னு பேரு. தமிழ்ல பணிச்சூழலியல்னு சொல்றாங்க. 1857லயே போலந்து நாட்டுக்காரர் ஒருத்தர் கிரேக்க மொழியிலேர்ந்து ரெண்டு வார்த்தைய எடுத்துச் சேத்த பேரு இது. வேல, அதுக்கு விதி, அவ்ளோதான் அர்த்தம். நாம இத ஏதோ கம்ப்யூட்டர்ல ஒக்காந்து வேல செய்றவங்க நாற்காலி சமாச்சாரம்னு நெனைக்கிறோம். கடையில அந்தப் பேரு போட்டு நாற்காலி விக்கிறதாலயும் அப்படி ஆகிப்போச்சு. ஆனா நம்ம வீட்டுல இருக்கற அருவாமணையப் பாருங்க. மேல குந்தினா ஒடம்பு பாரமே அத அசையாமப் புடிச்சுக்கும். ரெண்டு கையும் காலியா இருக்கும். அத யாரோ ஒரு பொம்பள ஒடம்பப் பாத்துத்தான் செஞ்சிருக்காங்க. ஒடம்பப் பாத்து ஆயுதம் செய்யற அறிவு நம்மகிட்ட இல்லாம இல்ல. கூலி வேலையின்னு வந்தா அந்த அறிவ வாசல்லயே கழட்டி வச்சுட்டு உள்ள வரச் சொல்றாங்க.

இனி என் கதைக்கு வர்றேன்.

நான் 1994ல எறா கம்பெனிக்குப் போனேன். கம்பெனி பேரு வேணாம். கடலூர் போற ரோட்டுப் பக்கம்னு மட்டும் வச்சுக்குங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்குத் தெருமுனையில வேன் வந்து நிக்கும். பதினஞ்சு பேர் ஏறுற வேன்ல முப்பது பேர் போவோம். அப்பல்லாம் தரையிலதான் வேல. சிமெண்டுத் தரை, மேல தண்ணி, ஐஸு. குவியலாக் கொட்டின எறாவச் சுத்திக் குந்திக்குவோம். தலையக் கிள்ளணும், ஓட்டக் கழட்டணும், முதுகு நரம்ப உருவணும். முதுகு நரம்புன்னா எறாவோட முதுகு.

ஒரு கணக்கு சொல்றேன். 40 கவுண்டு எறான்னா பவுண்டுக்கு நாப்பது. கிலோவுக்குச் சுமார் 88. ஒரு நாளைக்கு நான் 25 கிலோ உரிச்சா 2,200 எறா. ஒரு எறாவுக்குக் கொறஞ்சது மூணு அசைவு. அதாவது கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் 6,600 தரம் கிள்ளணும். அதுவும் ஐஸ்ல. வெரல் மரத்துப்போனா எவ்வளவு அழுத்தறோம்னே தெரியாது, தேவைக்கு மேல அழுத்துவோம். அந்த அழுத்தம் மணிக்கட்டுல போய் ஒக்காரும். கூலி கிலோக் கணக்குங்கறதால எழுந்து நிக்கவும் மனசு வராது. மூத்திரத்த அடக்கிக்கிட்டு உரிப்போம். மேஸ்திரி வந்து "வேகமா, வேகமா"ன்னு சொல்லவே வேணாம். கிலோதான் எங்க மேஸ்திரி.

மில்லுத் தொழிலாளிங்க 1936 ஜூலை 30ல பிரெஞ்சு போலீசு துப்பாக்கிக்கு 12 பேரைப் பறி கொடுத்து, மறு வருசம் எட்டு மணி நேர வேலைய வாங்கினாங்க. அது இந்த ஊருக்கே பெரும. வருசா வருசம் மாலை போடறோம். அந்த மில்லுங்களும் இப்ப இல்ல. ஏஎப்டி, சுதேசி, பாரதி மூணும் 2020ல மூடிட்டாங்க. அந்த எட்டு மணி நேரம் எங்க வேன்ல மட்டும் ஏறவே இல்ல. எறா வந்தா வேல, வராட்டி இல்ல. வந்தா பதினாலு மணி நேரமும் ஆவும்.

1997ல ஒரு மாற்றம் வந்துச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துக்காரங்க வந்து பாத்துட்டு, இந்தியாவுல எறா உரிக்கிற எடங்கள்ல சுத்தம் போதாதுன்னு அந்த வருசம் இறக்குமதியத் தடை பண்ணாங்க. ஏற்றுமதிக்காரங்க ஆடிப்போனாங்க. தரையில வச்சு உரிக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு. எங்க கம்பெனியிலயும் சுவத்துல வெள்ள ஓடு பதிச்சாங்க. எவர்சில்வர் மேச வந்துச்சு. காலுக்குப் பூட்டு, தலைக்குக் குல்லா, மாருக்கு ஏப்ரன். தரையிலேர்ந்து எழுந்து நின்னோம்.

எனக்கு அன்னிக்கி சந்தோசமாத்தான் இருந்துச்சு. குந்திக் குந்தி முட்டி விட்டுப்போனவளுக்கு நிக்கச் சொன்னா எப்படி இருக்கும்? ஒரு மாசந்தான். அப்புறம் தெரிஞ்சுபோச்சு, மேச வந்தது எறாவுக்கு, எங்களுக்கு இல்லேன்னு. எறா தரையில படக்கூடாது, அவ்வளவுதான். எறாவோட சூடு 4 டிகிரிக்கு மேல ஏறக்கூடாதுன்னு தெர்மாமீட்டரக் குத்திக் குத்திப் பாப்பாங்க. எங்க வெரலுக்கு எத்தன டிகிரின்னு ஒருத்தரும் பாக்கல.

மேச உயரம் எல்லாருக்கும் ஒண்ணு. எங்க ஒடம்பு ஒண்ணா? எங்கள்ல பாதிப் பேரு அஞ்சடியத் தொடாதவங்க. கையால செய்யற லேசான வேலைக்கு மேச, முழங்கைக்குக் கொஞ்சம் கீழ இருக்கணும்ங்கறது இந்தப் படிப்போட அரிச்சுவடி. முழங்கைக்கு மேல மேச இருந்தா தோளத் தூக்கித்தான் வேல செய்யணும். நாள் பூரா தோளத் தூக்கி வச்சுக்கிட்டே இருந்து பாருங்க. நெட்டையா இருக்கற அக்காங்களுக்கு அதே மேச தாழ்வு. அவங்க குனியணும். அவங்களுக்கு இடுப்பு, எங்களுக்குத் தோளு. ஈரத் தரையில பத்து மணி நேரம் நின்னா குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி வலி ரெண்டு பேருக்குமே.

வலிக்கு நாங்களே வைத்தியம் கண்டுபுடிச்சோம். காலியாக் கெடந்த பிளாஸ்டிக் பெட்டியக் கவுத்துப் போட்டு மேல ஏறி நின்னோம். தோள் எறங்கிடுச்சு. ஒரு அக்கா வீட்டுலேர்ந்து ஒரு சின்னப் பலகை கொண்டாந்தாங்க. ஒரு காலை மாத்தி ஒரு காலை அதுமேல வச்சுகிட்டா இடுப்பு நோவு கொறையுதுன்னாங்க. யாரும் சொல்லிக் கொடுக்கல. 1996ல சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, காசு அதிகம் செலவில்லாம வேல எடத்தச் சரிபண்ற வழியையெல்லாம் தொகுத்து ஒரு கையேடு போட்டிருக்கு. குள்ளமா இருக்கறவங்களுக்கு ஏறி நிக்க மேடை போட்டுக் கொடுங்கன்னு அதுல சொல்லியிருக்கறத, பல வருசம் கழிச்சு ஒரு சங்கத் தோழர் காட்டினப்பதான் பாத்தேன். அந்த அக்கா அதப் படிச்சதில்ல. அவங்களுக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும்.

சூப்பர்வைசர் வந்து பலகைய எடுத்து வெளிய போட்டாரு. "மரம் உள்ள வரக் கூடாது. மரத்துல கிருமி தங்கும். வெளிநாட்டுக்காரன் பாத்தா மொத்த சரக்கும் திரும்பி வந்துரும்"னாரு. அதுல உண்ம இல்லாம இல்ல. மரம் ஈரத்த உறிஞ்சும், எறா வேல செய்யற எடத்துல ஆகாதுதான். சரி சார், பிளாஸ்டிக்ல கொடுங்கன்னு கேட்டோம். பெட்டி எறா போடறதுக்கு, ஏறி நிக்கிறதுக்கு இல்லன்னாரு. அதுவும் சரிதான். அப்ப நிக்கிறதுக்குத் தனியா பத்து மேடை, ஒக்காரப் பத்து ஸ்டூல் வாங்கிப் போடுங்கன்னு கேட்டோம். அதுக்கு மட்டும் அவருகிட்ட பதில் இல்ல. "ஒக்காந்தா தூங்கிடுவீங்க"ன்னாரு.

கேக்கணும்னு முடிவு பண்ணி ஏழு பேரு ஆபீசு ரூமுக்குப் போனோம். முன்னாடி நின்னு பேசினது அந்தப் பலகை அக்காதான். உள்ள இருந்தவரு நாற்காலியில. நாங்க ஈர ஏப்ரனோட நின்னோம். அவரு நல்லவிதமாத்தான் பேசினாரு. பாக்கலாம்மா, சொல்றேன்மான்னாரு. மூணாம் நாள் காலையில வேன் அந்த அக்கா தெருவுல நிக்காமப் போயிடுச்சு. வேலைய விட்டு நிறுத்தினேன்னு யாரும் சொல்லல. கடிதாசி இல்ல, கணக்கு இல்ல. எங்கள வேலைக்கு வச்சிருந்தது கம்பெனி இல்ல, கான்ட்ராக்டர். கான்ட்ராக்டருக்கு நாங்க தலக் கணக்கு. வேன் நிக்கல, அவ்ளோதான். அந்த அக்கா ஒரு வாரம் விடியக்காலம் அஞ்சு மணிக்குக் குளிச்சுட்டு, சோத்துத் தூக்கோட தெருமுனையில நின்னாங்க. அப்புறம் நிக்கிறத விட்டுட்டாங்க.

ஆறு மாசம் கழிச்சு, வெளிநாட்டுலேர்ந்து வாங்கறவங்களோட ஆளுங்க பாக்க வர்றாங்கன்னு சொல்லி, எங்க ஹால்ல பிளாஸ்டிக் மேடை போட்டாங்க. ரெண்டு உயரத்துல. எங்களுக்குத் தோள் எறங்குச்சு. கிலோ ஒண்ணும் கொறையல. கொஞ்சம் கூடத்தான் ஆச்சு. கம்பெனிக்கு அதுல நட்டமே இல்ல. அந்தச் சின்னச் செலவுக்குத்தான் ஒரு பொம்பளையோட பொழப்பு போச்சு. ஸ்டூல் மட்டும் வரவே இல்ல. 2013ல நான் நிக்கிறவரைக்கும் வரல.

ஏன் ஸ்டூல் வரல? மேடை போட்டவங்க ஸ்டூல் மட்டும் ஏன் போடல? விலை காரணமில்ல. நான் பல வருசம் இத யோசிச்சிருக்கேன்.

எங்க பேச்சுல குந்தறதுன்னு ஒரு வார்த்த, ஒக்கார்றதுன்னு ஒரு வார்த்த. குந்தறது தரையில. ஒக்கார்றது நாற்காலியில, பெஞ்சில, திண்ணையில. எங்க ஆயா காலத்துல ஊர்த்தெருவுக்குக் கூலி வாங்கப் போனா வாசலுக்கு வெளிய நிக்கணும். ரொம்ப நேரமானா தரையில குந்தலாம். திண்ணையில ஒக்காரக் கூடாது. டீக்கடையில பெஞ்சு அவங்களுக்கு, தரை நமக்கு. எந்தெந்த கிராமத்துல பெஞ்சில ஒக்காந்ததுக்காக அடி வாங்கியிருக்கோம்னு இந்தப் பத்திரிகை படிக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நமக்குக் குந்தவும் நிக்கவும் விட்டாங்க. ஒக்காரத்தான் விடல.

கம்பெனியில யாரும் எங்க சாதியக் கேட்டு வேலையில போடல. ஆனா எறாவோட ஈரம் படுற ஹால்ல பாத்தா எங்க தெரு, பக்கத்துத் தெரு, கிராமத்துக் காலனிங்க. காஞ்ச எடத்துல பெட்டிக்கு லேபிள் ஒட்டற எடத்துல, எடை எழுதற எடத்துல வேற ஆளுங்க. அவங்களுக்கு நாற்காலி. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கள அங்க போட்டோம்னு சொல்வாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எடை எழுத அது போதும். பதினெட்டு வருசத்துல ஒரு நாள் கூட என்ன அங்க போட்டுப் பாக்கல. நாங்க ஸ்டூல் கேட்டப்ப அவங்க காதுல விழுந்தது இடுப்பு வலி இல்ல. இதுங்களுக்கு நாற்காலி கேக்குதாங்கறதுதான் விழுந்திருக்கு. இது என் கணிப்பு. தப்புன்னு யாராவது காட்டினா நல்லது.

சட்டத்துல இது இல்லாம இல்ல. 1948ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டம் 44ஆம் பிரிவுல, நின்னு வேல செய்றவங்களுக்கு இடையில ஓய்வு கெடைச்சா ஒக்கார ஏற்பாடு இருக்கணும்னு இருந்துச்சு. ஒக்காந்தே செய்யக்கூடிய வேலன்னு தெரிஞ்சா இருக்கை போடச் சொல்லி உத்தரவு போடத் தலைமை இன்ஸ்பெக்டருக்கு அதிகாரமும் இருந்துச்சு. எறா உரிக்கிறத ஒக்காந்து செய்ய முடியாதா? முடியும். அதே சட்டத்துல தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்னு 29 இருந்துச்சு. ஈயம், பாதரசம், பஞ்சுத் தூசி, கல்லுத் தூசி, இரைச்சல்ல காது போறது எல்லாம் உண்டு. இடுப்பு, தோளு, மணிக்கட்டு இல்ல. கத்தியில வெட்டினா விபத்துன்னு எழுதுவாங்க. 6,600 தரம் கிள்ளிக் கிள்ளி வெரல் மடங்காமப் போனா அது எந்தக் கணக்குலயும் வராது. "வயசாயிட்டா அப்படித்தாம்மா"ன்னு ஒரு டாக்டர் என்கிட்ட சொன்னாரு. எனக்கு அப்ப முப்பத்தெட்டு.

அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2020ல பாராளுமன்றத்துல நிறைவேறின புதுத் தொகுப்பு 2025 நவம்பர் 21லேர்ந்து அமலுக்கு வந்துருக்கு. நின்னு வேல செய்றவங்களுக்கு ஒக்கார ஏற்பாடு செய்யணும்ங்கறது அதுலயும் இருக்கு. ஆனா தொழிற்சாலைங்கறதுக்கு அளவு மாறிப்போச்சு. முன்ன கரண்டோட 10 பேரு, கரண்டு இல்லாம 20 பேரு இருந்தாலே தொழிற்சால. இப்ப 20, 40. பதினஞ்சு பொம்பளைங்கள வச்சு வேல வாங்கற கொட்டகை இப்ப தொழிற்சாலையே இல்ல.

அம்பேத்கர் 1942லேர்ந்து 1946 வரைக்கும் வைஸ்ராய் குழுவுல தொழிலாளர் பொறுப்புல இருந்தாரு. வாரத்துக்கு 48 மணி நேரம்னு தொழிற்சாலைச் சட்டத்த 1946ல திருத்தினதுல அவரு பங்கு பெருசு. உப்பளத்துல அவரு பேருல ரோடு இருக்கு. அந்த ரோடு வழியாத்தான் எங்க வேன் போவும். அவர நாம சிலையாப் பாக்குறோம், அரசியல் சட்டமாப் பாக்குறோம். வேல நேரத்த அளந்த மனுசனாப் பாக்கறது கொறைவு.

கேரளாவுல துணிக்கடையில வேல செய்ற பொம்பளைங்க ஒக்கார்ற உரிமைக்குப் போராடினாங்க. கோழிக்கோட்டு விஜி அதுல முன்ன நின்னவங்க. அவங்களும் ஒரு தையல்காரப் பொம்பளதான். 2018ல அங்க கடைச் சட்டத்தத் திருத்தினாங்க. 2021ல தமிழ்நாட்டுலயும் கடைகள்ல இருக்கை கட்டாயம்னு திருத்தம் வந்துச்சு. நல்லது. ஆனா அது கடைக்கு. எறா கம்பெனி கடை இல்ல, புதுச்சேரி தமிழ்நாடும் இல்ல. கடையில நிக்கிற பொண்ண வாங்க வர்றவங்க கண்ணால பாக்குறாங்க. எங்களப் பாக்குறது எறா மட்டுந்தான். 2024 மார்ச்சுல அசோசியேட்டட் பிரஸ்னு ஒரு அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஆந்திராவுல எறாக் கொட்டகைங்களுக்குள்ள போய் எழுதினாங்க. ஐஸ்ல வெறுங்கையோட உரிக்கிற பொம்பளைங்களப் பத்தி அதுல இருந்துச்சு. படிச்சுட்டு நான் ஆச்சரியப்படல. 1997ல தரையிலேர்ந்து எறாவ எடுத்துட்டாங்க. சில எடத்துல பொம்பளைங்க இன்னும் 1994லயே இருக்காங்க.

சங்கத்துல இருக்கற தோழர்களுக்கும் தலித் இயக்கத்துல இருக்கற தோழர்களுக்கும் ஒண்ணு கேக்குறேன். உங்க கோரிக்கைப் பட்டியல்ல கூலி உயர்வு முதல்ல இருக்கட்டும். அதுக்குக் கீழ இதையும் எழுதுங்க.

மேச உயரத்த ஆளுக்குத் தகுந்த மாதிரி ஏத்தி எறக்கணும். முடியாட்டி ரெண்டு மூணு உயரத்துல கழுவக்கூடிய மேடை போடணும். ஒக்காந்தும் நின்னும் மாத்தி மாத்திச் செய்ய எவர்சில்வர் ஸ்டூல் ஆளுக்கு ஒண்ணு. நாப்பது கிலோ டப்பா ரெண்டு பேரு தூக்கறதுக்குப் பதிலா, இருவது கிலோவாப் பிரிச்சுச் சக்கர வண்டியில தள்ளணும். தண்ணி தேங்காத தரை, காலுக்குக் கீழ ரப்பர் விரிப்பு. ரெண்டு மணிக்கு ஒரு தரம் பத்து நிமிசம், கிலோக் கணக்குலேர்ந்து புடிக்காம. கைய நனைச்சுச் சூடு பண்ணிக்க வெதுவெதுன்னு தண்ணி. உரிக்கிறவங்க பாதி நாள் எடை போடட்டும், எடை போடறவங்க பாதி நாள் உரிக்கட்டும். இந்தக் கடைசி ஒண்ணுக்குத்தான் ரொம்ப எதிர்ப்பு வரும். ஏன்னு உங்களுக்கே தெரியும்.

அதோட, இடுப்பும் மணிக்கட்டும் தொழில் நோய்ப் பட்டியல்ல ஏறணும். பட்டியல்ல ஏறினா டாக்டர் எழுதணும். எழுதினா இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். தெரிஞ்சா நட்ட ஈடு கேக்கலாம். பட்டியல்ல இல்லாத வலி இந்த நாட்டுல வலியே இல்ல.

எங்க அம்மா போயிட்டாங்க. நைனாவும் போயிட்டாரு. பலகை அக்கா இருக்காங்க. எறா கம்பெனிக்கு அப்புறம் வீட்டு வேலைக்குப் போனாங்க, இப்ப அதுவும் முடியல. வீட்டு வாசல்ல இட்லி சுட்டு விக்கிறாங்க. அடுப்ப இடுப்பு உயரத்துக்குச் செங்கல் அடுக்கித் தூக்கி வச்சிருக்காங்க. பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு, ஒக்காந்துதான் மாவு ஊத்துறாங்க. அத யாரும் எடுத்து வெளிய போட முடியாது.

எங்க தெருவுல இப்பவும் விடியக்காலம் வேன் வருது. என் தங்கச்சி பொண்ணு அதுல போவுது. போன மாசம் அது என்கிட்ட, "பெரிமா, மேச ஒசரமா இருக்கு, தோளு வலிக்குது"ன்னு சொல்லிச்சு. நான் அதுக்குத் தைலம் தடவல. கூட வேல செய்ற பொண்ணுங்க எத்தன பேருக்குத் தோளு வலிக்குது, எத்தன பேருக்கு இடுப்பு வலிக்குதுன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதிகினு வான்னு சொல்லியிருக்கேன். இந்தத் தடவ ஏழு பேரு போதாது. ஒருத்தர முன்னாடி நிக்க வச்சுட்டுப் பின்னாடி நிக்கவும் கூடாது. முப்பது பேரும் சேந்து கேட்டா வேன் எந்தத் தெருவுல நிக்காமப் போவும்?